அட்டவணை சொல்லாத சேதி: நிற எண்களும் அவற்றின் மௌனமும்

1

சென்னையில் காட்சி விளைவு வேலை பார்க்கும் ஒரு கூடம். பேர் வேண்டாம். அந்தி நேரம், திண்ணையில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். கறுத்த முகம், வெள்ளைச் சேலை. அவளுக்குப் பின்னால் தெரிந்த கரண்ட் கம்பத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு பையன் இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தான். அவனுடைய மானிட்டரில் எல்லாம் சரி. மேலாளர் பார்க்கிற பிரதியில் கிழவியின் முகமே இல்லை. சேலைக்கு மேலே ஒரு இருட்டுத் திட்டு.

'என்னப்பா தம்பி, மூஞ்சியக் காணோம்?'

'அண்ணே, நான் மூஞ்சியத் தொடவே இல்லண்ணே. கம்பத்தத்தான் எடுத்தேன்.'

யாரும் நம்பவில்லை. திரும்பச் செய் என்றார்கள். இரண்டு ராத்திரி திரும்பச் செய்தான். அந்த இரண்டு ராத்திரிக்குக் கூலி கிடையாது, ஏனென்றால் அது 'திருத்தம்'. கடைசியில் படம் நிறத் திருத்தக் கூடத்துக்குப் போனபோது அங்கே முகம் சரியாகவே இருந்தது. ஆனால் வெள்ளைச் சேலையில் லேசாகப் பச்சை ஓடியது. ஆக மூன்று இடம், மூன்று படம். மூன்று இடத்திலும் போட்டிருந்த நிற அட்டவணைக் கோப்பு ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இயந்திரம் பற்றி நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. மனுஷன் தப்புப் பண்ணுவான், எண் தப்புப் பண்ணாது. ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே விடை வரும். இந்த நம்பிக்கை எங்கே உடைகிறது, உடையும்போது பழி யார் தலையில் விழுகிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. நுட்ப விஷயம்தான், ஆனால் பிரதியும் அர்த்தமும் பற்றி இத்தனை காலம் பேசிவந்தவர்களுக்கு இதில் அந்நியமானது எதுவும் இல்லை.

2

தொழிலில் இதை 'லட்' என்கிறார்கள். பார்த்து எடுக்கும் அட்டவணை. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் நாம் எட்டை ஏழு தரம் கூட்டுவதில்லை; வாய்ப்பாட்டிலிருந்து ஐம்பத்தாறு என்று எடுத்துச் சொல்கிறோம். லட்டும் ஒரு வாய்ப்பாடுதான். 'இந்தச் சிவப்பு, இந்தப் பச்சை, இந்த நீலம் உள்ளே வந்தால் அந்தச் சிவப்பு, அந்தப் பச்சை, அந்த நீலத்தை வெளியே கொடு' என்று வரிவரியாக எழுதிய பட்டியல். கேமரா பதிவு செய்த சப்பையான, வெளிறிய பிம்பத்தை அரங்கில் பார்க்கிற பிம்பமாக மாற்றுவதற்கும், பழைய பிரிண்ட் ஃபிலிமின் சாயலைக் கொண்டுவருவதற்கும் இதைப் போடுகிறார்கள்.

ஆனால் முழு வாய்ப்பாடு எழுத முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் 10 பிட், அதாவது 1024 படி என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்க 107 கோடிக்கு மேல் வரிகள் வரும். யார் எழுதுவது, எந்தக் கணினி சுமப்பது? அதனால் ஒவ்வொரு நிறத்திலும் 17 அல்லது 33 அல்லது 65 இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 33 என்றால் 33 x 33 x 33, மொத்தம் 35,937 வரிகள். இவற்றை ஒரு கனசதுரத்துக்குள் கட்டிய சின்னச் சின்ன அறைகளின் மூலைகளாக நினைத்துக்கொள்ளலாம். மூலைகளுக்கு மட்டும் விடை எழுதப்பட்டிருக்கிறது. அறைக்குள் விழுகிற நிறத்துக்கு விடை எழுதப்படவில்லை. அதை மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் கிளார்க் அட்டவணை வைத்து மடக்கை பார்த்தவர்களுக்கு இது புரியும். கேட்ட எண் அட்டவணையில் இருக்காது. பக்கத்து எண்ணைப் பார்த்து, ஓரத்தில் இருக்கும் சராசரி வேறுபாட்டைக் கூட்டிக்கொள்வோம். அட்டவணை பாதிதான், மீதிப் பாதி அதை வாசிக்கும் முறை. அங்கே வாசிக்கும் முறையை வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். லட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

3

முதல் பிளவு இங்கே. அட்டவணைக்குள் இருப்பவை எண்கள். ஆனால் எந்த மொழியின் எண்கள்?

ஒளிப்பதிவாளர்கள் அளவுகோலாகப் பிடிக்கும் சாம்பல் அட்டை தன் மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இந்த ஒரே சாம்பலை, ஒளியின் அளவை அப்படியே எழுதும் நேர்விகித முறையில் 0.18 என்று எழுதுகிறோம். கணினித் திரைகளுக்கான எஸ்.ஆர்.ஜி.பி. முறையில் அது 0.46. தொலைக்காட்சிக்கான ரெக்.709 முறையில் 0.41. ஆரி அலெக்ஸா கேமராவின் லாக்-சி முறையில் 0.39. சாம்பல் ஒன்று, எண் நான்கு. திருப்பிச் சொன்னால் இன்னும் ஆபத்து: எண் ஒன்று, சாம்பல் நான்கு. குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் இடையே இயற்கையான பந்தம் கிடையாது என்று மொழியியல் வகுப்பில் படித்ததை இங்கே ராத்திரி வேலையில் படிக்க வேண்டியிருக்கிறது.

தொழிலில் அதிகம் புழங்கும் 'க்யூப்' கோப்பைத் திறந்து பாருங்கள். சாதாரண எழுத்துக் கோப்பு. மேலே ஒரு தலைப்பு, எத்தனை புள்ளி என்று ஒரு வரி, எண்ணின் கீழெல்லை மேலெல்லை, பிறகு மூன்று மூன்றாக எண்கள். அவ்வளவுதான். உள்ளே வருகிற எண் நேர்விகிதமா, லாக்கா, எந்தக் கேமராவினுடையது, வெளியே போவது எந்தத் திரைக்கு - இதைச் சொல்லக் கட்டாயமான வரி எதுவும் அதில் இல்லை. செய்தவருக்குத் தெரியும். அவர் கோப்பின் பெயரில் குறிப்பு வைத்திருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அது வாய்மொழி மரபு. கை மாறி நாலாவது கூடத்துக்கு வரும்போது அந்த வாய்மொழி உதிர்ந்துபோய், எண் மட்டும் மிச்சம் நிற்கிறது.

இனி மென்பொருள்களைப் பாருங்கள். நியூக்கில் உள்ளே நடக்கிற கணக்கெல்லாம் நேர்விகித ஒளியில். லாக்குக்காகச் செய்த லட்டைப் போட வேண்டுமானால் 'உள்ளே லாக்காக மாற்றிக்கொள்' என்று நாம் சொல்ல வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லட் அந்தத் திட்டத்தின் வேலைவெளி எண்களின் மேல் விழுகிறது. வேலைவெளியை நேர்விகிதமாக்கும் பெட்டியில் யாராவது ஒரு டிக் போட்டால் அதே லட் வேறு படத்தைக் கொடுக்கும். டாவின்சி ரிசால்வில் கேமராவின் லாக் எண்கள் பெரும்பாலும் லாக்காகவே லட்டுக்குள் போகும். மூன்றும் தன் தன் வீட்டு வழக்கப்படி சரி. கோப்புக்கு மட்டும் வீடு கிடையாது.

கிழவியின் முகத்துக்கு நடந்தது இதுதான். லட் லாக்-சிக்காகச் செய்தது. லாக்-சியில் ஒளியே இல்லாத கறுப்புக்குக்கூட எண் கிட்டத்தட்ட 0.09. அந்தியில் அவள் முகம் நேர்விகிதத்தில் 0.04, 0.05 என்று இருந்தது. பார்வைப் பிரதி எடுத்த மென்பொருள் அந்த நேர்விகித எண்ணை அப்படியே லட்டிடம் நீட்டியது. லட் என்ன செய்யும்? '0.05ஆ? அது கறுப்புக்கும் கீழே' என்று சொல்லி முழுக் கறுப்பைக் கொடுத்தது. சாம்பல் அட்டையே அங்கே இருந்திருந்தாலும் தப்பித்திருக்காது. 0.18 என்ற லாக்-சி எண்ணுக்கு அர்த்தம் 1.7 சதவீத ஒளி. அட்டை மூன்று ஸ்டாப்புக்கு மேல் இருட்டில் இறங்கியிருக்கும். பையனின் திரையில் மாற்றும் படி சரியாக இருந்தது, அதனால் முகம் தெரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய படமும் மேலாளரின் படமும் ஒரே பிரதியின் இரண்டு வாசிப்புகள்.

4

இரண்டாவது பிளவு அறைக்குள்ளே. சேலையில் பச்சை எங்கிருந்து வந்தது?

அறைக்குள் விழுந்த நிறத்துக்கு விடை ஊகிக்க இரண்டு வழி புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, அறையின் எட்டு மூலைகளையும் கேட்டுச் சராசரி எடுப்பது. இன்னொன்று, அறையை ஆறு நான்முகித் துண்டுகளாக வெட்டி, நிறம் எந்தத் துண்டில் விழுகிறதோ அதன் நான்கு மூலைகளை மட்டும் கேட்பது. மூலைகளில் விழும் நிறங்களுக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். நடுவில்தான் தகராறு.

ஒரு சாம்பல் நிறம் அறையின் நட்டநடுவில் விழுகிறது என்று வையுங்கள். நான்முகி வழியில் அறையின் குறுக்கு மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டு சாம்பல் மூலைகளுக்கு மட்டும் ஆளுக்குப் பாதி குரல். எட்டு மூலை வழியில் சிவப்பு, பச்சை, நீலம் பக்கம் சாய்ந்த மற்ற ஆறு மூலைகளும் பேசும், ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு. லட் செய்தவர் இலைகளைச் செழிப்பாகக் காட்டுவதற்காகப் பச்சைப் பக்கத்து மூலையை இழுத்து வைத்திருந்தால், அந்த இழுப்பில் எட்டில் ஒரு பங்கு சாம்பலில் கசியும். வெள்ளைச் சேலை பச்சை அடிக்கும். எங்கள் கூடத்தில் ஒரு வழி, நிறத் திருத்தக் கூடத்தில் இன்னொரு வழி. ரிசால்வில் இந்த இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் திட்டத்தின் அமைப்புகளில் உண்டு. அதைத் திறந்து பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு. ஒரே மென்பொருளுக்குள்ளேயே திரையில் காட்டுவது வரைபட அட்டை, கோப்பாக எழுதுவது மையச் செயலி என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வரைபட அட்டை லட்டை ஒரு முப்பரிமாணப் படமாக எடுத்துக்கொள்கிறது. அதில் எண்கள் அறை ஓரத்தில் இல்லாமல் ஒவ்வொரு கட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்த அரைக் கட்ட நகர்வைக் கணக்கில் எடுக்காமல் நிரல் எழுதினால் படம் முழுக்கக் கொஞ்சம் தள்ளிப்போகும். ஜெரமி செலன் 2005இல் வந்த ஜி.பி.யூ. ஜெம்ஸ் இரண்டாம் தொகுதியில் இதை விளக்கி எழுதியிருக்கிறார். அவர் சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸில் இருந்தபோது தொடங்கிய ஓப்பன்கலர்ஐ.ஓ. 2010இல் திறந்த மூலமாக வெளியானது. அதன் முதல் பதிப்பில்கூட வரைபட அட்டைக்கான பாதை நிறமாற்றத்தைச் சுருக்கி ஒரு சின்ன லட்டாக ஆக்கியே அனுப்பியது. அதனால் திரையில் பார்த்ததும் எழுதப்பட்டதும் நூலிழை வேறுபட முடிந்தது. இரண்டையும் ஒத்துப்போக வைக்க 2021இல் வந்த இரண்டாம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சில்லறைக் காரணங்களும் உண்டு; சேதம் சில்லறை அல்ல. வீடியோ மரபில் 8 பிட்டில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி மரபில் 0, 255. ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பல் பூத்துப்போகும், இல்லையென்றால் நிழல் அடைத்துக்கொள்ளும். க்யூப் கோப்பில் சிவப்பு முதலில் ஓடும். 3டிஎல் கோப்பில் நீலம் முதலில் ஓடும். மாற்றிப் படித்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறிக்கொள்ளும். லட்டின் எல்லை பெரும்பாலும் 0 முதல் 1 வரை. தீ, சூரியன், விளக்கு என்று நேர்விகிதத்தில் 5, 10 என்று வரும் ஒளியெல்லாம் 1இல் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். பார்க்கும் திரையில் ஒரு லட், படத்துக்குள்ளேயே இன்னொரு தரம் அதே லட் - இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

5

சரி, ஏதோ பிழை. பிழை எல்லார் மேலும் சமமாகத்தானே விழும்? விழாது.

33 புள்ளி லட்டில் ஒவ்வொரு அச்சிலும் 32 இடைவெளி. உள்ளே வருவது நேர்விகித எண் என்றால் முதல் இடைவெளி 0 முதல் 0.031 வரை. சாம்பல் அட்டைக்கு இரண்டரை ஸ்டாப் கீழே தொடங்கி முழு இருட்டு வரை இருக்கிற அத்தனை நுட்பமும் அந்த ஒரே ஓரத்துக்குள் நெருக்கி அடைக்கப்படுகிறது. மேலே வெளிச்சத்துக்கு முப்பத்தோரு இடைவெளி. கீழே இருட்டுக்கு ஒன்று. அந்த ஒற்றை இடைவெளியில் குடியிருப்பவர்கள் யார்? நிழலில் நிற்கும் கறுத்த மனிதர்கள். வெளுத்த முகம் அதே நிழலில் நின்றாலும் இரண்டு மூன்று ஸ்டாப் மேலே இருக்கும், தப்பித்துக்கொள்ளும். லட்டுக்கு முன்னால் எண்களை லாக்காக விரிக்கும் ஒற்றைப் பரிமாண அட்டவணை ஒன்றைப் போட்டால் இருட்டுக்கும் இடம் கிடைக்கும். அது போடப்பட்டதா என்று முதலில் காட்டிக்கொடுப்பது கறுத்த முகம்தான். வெளுத்த முகத்தை மட்டும் வைத்துச் சோதித்தவருக்குத் தன் அட்டவணை உடைந்திருப்பது தெரியவே தெரியாது.

இது கணக்கின் குறை. யாரும் வேண்டுமென்று செய்த சதி அல்ல. ஆனால் எதை வைத்துச் சோதிப்பது என்ற தேர்வு கணக்கு அல்ல. அதற்கு வரலாறு இருக்கிறது. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். அவள் தோல் சரியாக வந்தால் 'நிறம் சரி'. கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி எழுதினார். கோடாக்கில் வேலை பார்த்தவர்களிடம் அவர் கேட்டறிந்த ஒரு சேதி மறக்க முடியாதது: பழுப்பு நிறங்கள் ஒழுங்காகப் பதிவாகவில்லை என்று சாக்லேட்டுக்காரர்களும் மர நாற்காலி மேஜை விற்பவர்களும் புகார் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் கவனம் திரும்பியது. மனிதர்கள் புகார் சொல்லியிருக்கமாட்டார்களா? சொல்லியிருப்பார்கள். தங்கள் படம் சரியாக வரவில்லை என்றால், தப்பு தங்கள் முகத்தில்தான் என்று நினைத்துச் சும்மாவும் இருந்திருப்பார்கள்.

இன்னும் அடியில் போகலாம். நிற எண்களுக்கெல்லாம் மூலம் 1931இல் சி.ஐ.ஈ. வகுத்த 'நிலைநிறுத்தப்பட்ட பார்வையாளர்'. அந்தப் பார்வையாளர் ஒரு சராசரி. இங்கிலாந்தில் ரைட் சோதித்த பத்துப் பேரும் கில்ட் சோதித்த ஏழு பேரும், மொத்தம் பதினேழு ஜோடிக் கண்கள். அந்தச் சராசரி வேலைக்கு ஆகிறது என்பதை மறுக்க முடியாது. தொண்ணூறு வருஷமாக அதில்தான் ஓடுகிறது. சொல்ல வருவது வேறு. 'சரியான நிறம்' என்று நாம் சொல்லும்போது, யாரோ ஒருவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவை இயற்கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். முடிவு எழுதப்பட்டிருந்தால் அதோடு வாதாடலாம். எழுதப்படாத முடிவோடு எப்படி வாதாடுவது?

6

இந்தத் தொழிலில் இருக்கிற தோழர்களுக்குக் கைக்கு உதவுகிற இரண்டு சோதனைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, 'ஒன்றும் செய்யாத லட்'. உள்ளே வந்த எண்ணையே வெளியே கொடுக்கும் அட்டவணை. கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஓடும் சாம்பல் பட்டையின் மேல் போட்டு, முன்னும் பின்னும் கழித்துப் பாருங்கள். மிச்சம் வந்தால் அந்த மென்பொருள் வெட்டுகிறது அல்லது தள்ளுகிறது. ஆனால் இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. மென்பொருள் எந்த மொழியில் படிக்கிறது என்பதை இது சொல்லாது. எந்த மொழியானாலும் சும்மா இருப்பது சும்மா இருப்பதுதான்.

அதற்கு இரண்டாவது, 'பாதியாக்கும் லட்'. எல்லா எண்ணையும் இரண்டால் வகுக்கும் அட்டவணை. நேர்விகிதத்தில் 0.18 என்று இருக்கும் சாம்பலின் மேல் போடுங்கள். நேர்விகிதத்தில் 0.09 வந்தால் லட் நேர்விகித எண்ணின் மேல் விழுகிறது. 0.043 வந்தால் மென்பொருள் உங்களைக் கேட்காமல் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, பாதியாக்கி, திரும்ப மாற்றியிருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பையனின் இரண்டு ராத்திரியை இது மிச்சம் பண்ணியிருக்கும்.

கருவிகளும் கொஞ்சம் திருந்தியிருக்கின்றன. ஓப்பன்கலர்ஐ.ஓ.வில் எந்தக் கோப்பு எந்த வெளியில் இருக்கிறது என்பதை ஒரே அமைப்புக் கோப்பில் எழுதிவைத்து எல்லா மென்பொருளும் அதையே படிக்கச் செய்யலாம். ஆஸ்கார் அகாடமியின் ஏசஸ் முறையோடு வந்த சி.எல்.எஃப். கோப்பில் உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்று விவரிக்க இடம் இருக்கிறது. அறைக்குள் எட்டு மூலையா, நான்கு மூலையா என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. இடம் இருக்கிறது என்பதால் எல்லாரும் நிரப்புவார்கள் என்று அர்த்தம் இல்லை. தொழிலில் இன்னும் கை மாறுவது பெரும்பாலும் அந்தப் பேசாத க்யூப்தான்.

ஏன் பேசவைப்பதில்லை? மறதி ஒரு காரணம். இன்னொரு காரணம் வேலைப் பிரிவினை. லட் மேலே செய்யப்படுகிறது. அறிவு மேலே தங்குகிறது. கீழே வருவது கோப்பு மட்டும். ஷாட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, திருத்தம் எத்தனை தரம் வந்தாலும் அதற்குள்ளேயே அடக்கம் என்று ஒப்பந்தம் போடும் இடத்தில், சொல்லப்படாத ஒரு வரியின் விலையைக் கொடுப்பது கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். மேலே இருப்பவருக்கு அந்த மௌனத்தால் நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாத இடத்தில் பழக்கம் தானாக மாறாது.

அதனால் நாம் கேட்க வேண்டியது சின்ன விஷயம்தான். லட் வந்தால் அதோடு நாலு வரி எழுத்தில் வர வேண்டும்: உள்ளே எந்த வெளி, வெளியே எந்தத் திரை, எண்ணின் எல்லை என்ன, அறைக்குள் எந்த வழி. கூடவே ஒரு படம், லட் போட்ட பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்கு. அந்தப் படத்தில் நிழலில் நிற்கும் ஒரு கறுத்த முகம் இருக்க வேண்டும். இந்த நாலு வரி இல்லாமல் வந்த லட்டால் ஏற்படும் திருத்தம் செய்பவனின் கணக்கில் சேராது என்று ஒப்பந்தத்தில் ஐந்தாவது வரி.

அந்தப் பையன் இப்போது வேறு கூடத்தில் இருக்கிறான். புதுசாக எந்த லட் வந்தாலும் முதலில் பாதியாக்கும் சோதனையைப் போட்டு, வந்த எண்ணை மேலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறானாம். 'எழுதி வெச்சிட்டா அப்புறம் யாரும் என்னைத் திட்ட முடியாதுண்ணே' என்றான். கூலி இன்னும் ஷாட்டுக்குத்தான்.